அவரைக் கேட்காமல் போட்ட ஸ்டொப்பர்

மூன்று வருடங்களுக்கு முன் நடந்தது இது. அப்போது நாங்கள் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தை விட்டுப் புது வீட்டுக்குக் குடிவந்து ஐந்தாறு மாதம்தான் ஆகியிருந்தது. எஹலியகொடை டவுனிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் உள்ளே போனால் வரும் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருக்கிறோம். நான் பால் வெட்டுக்குப் போகிறவள். என் கணவர் அதே தோட்டத்துப் பேக்டரியில் வேலை செய்தவர்.

ரப்பர் பாலை உறைய வைக்க அசிட் சேர்ப்பார்கள். ஒரு நாள் காலை அந்தக் கேனைத் தூக்கும்போது மூடி தெறித்து, உள்ளே இருந்தது அவர் முகத்தில் அடித்துவிட்டது. யார்மீதும் குற்றம் சொல்ல வழியில்லை. வியர்வையைத் துடைப்பதற்காகப் பாதுகாப்புக் கண்ணாடியை அவரேதான் நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்திருந்தார். கொழும்பு ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதம் வைத்துப் பார்த்தார்கள். இப்போது அவருக்கு வெளிச்சம் இருக்கிறதா, இல்லையா என்பது மட்டும் தெரியும். வேறு ஒன்றும் தெரியாது.

லயத்தில் எங்களுக்கு இருந்தது ஒரே அறை. முன்னால் திண்ணை மாதிரி ஒரு இஸ்தோப்பு, பின்னால் குசினி. அவர் பிறந்து வளர்ந்த இடம் அது. கண் போன மூன்றாம் மாதமே அங்கே யார் கையையும் பிடிக்காமல் நடக்கத் தொடங்கிவிட்டார். புது வீடு அப்படி இல்லை. இரண்டு அறை, ஒரு ஹோல், குசினி, பாத்ரூம் என்று திரும்பின பக்கமெல்லாம் கதவு. எனக்கு அந்த வீடு பெரிய சந்தோஷம். அவருக்கு அது எப்படி இருந்தது என்று நான் யோசிக்கவில்லை.

கண் தெரிகிறவர்களுக்குப் புரியாத ஒரு விஷயம் உண்டு. மூடிக் கிடக்கும் கதவால் அவருக்குத் தொல்லை இல்லை. முழுதாகத் திறந்து சுவரோடு ஒட்டிக் கிடந்தாலும் தொல்லை இல்லை. பாதி திறந்து நிற்கும் கதவுதான் ஆபத்து. இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு வருவார். ஒரு கை கதவுக்கு அந்தப் பக்கமும் ஒரு கை இந்தப் பக்கமும் போய்விடும். நடுவில் இருக்கும் கதவின் விளிம்பு நேராக வந்து நெற்றியில் அடிக்கும்.

எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. முன் கதவும், பின்பக்கம் வெளியே போகும் குசினிக் கதவும் நேருக்கு நேர். வைகாசி மழைக்காற்று தொடங்கியதும் எந்தக் கதவும் வைத்த இடத்தில் நிற்கவில்லை. கல் வைத்துப் பார்த்தேன், அவர் கால் விரலை இடித்துக்கொண்டார். கயிறு கட்டினேன், எங்கள் மகள் அவிழ்த்துவிட்டாள்.

ஒரு நாள் பின்னேரம், பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் பையைப் போட அறைக்குள் ஓடினாள். அவளுக்கு அப்போது ஏழு வயது. கதவைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிட்டாள். அவள் சத்தம் கேட்டு எழுந்து வந்த அவருக்குப் புருவத்துக்கு மேல் கிழிந்துவிட்டது. சட்டையெல்லாம் இரத்தம். நான் ஓடிப்போய் முதலில் செய்தது என்ன தெரியுமா? மகளின் முதுகில் ஓங்கி ஓர் அடி.

"அவள ஏன் அடிக்கிற? நான்தான் பாத்து வரல" என்றார் அவர், கையால் நெற்றியை அழுத்திக்கொண்டே.

'பாத்து' என்ற சொல் அவர் வாயில் வந்ததும் நான் மகளை விட்டுவிட்டு, ஒரு துணியை எடுத்து அவர் நெற்றியில் அழுத்தினேன். ஆஸ்பத்திரியில் மூன்று தையல் போட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு மகள் ஒவ்வொரு கதவாகப் போய்த் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் இனிமேல் இதை இப்படியே விடக்கூடாது என்று முடிவெடுத்தேன்.

அடுத்த பௌர்ணமிப் போயா லீவுக்குக் கொழும்பிலிருந்து என் தம்பி வந்தான். கட்டட வேலை செய்கிறவன். "டோர் ஸ்டொப்பர் போட்டா வேல முடிஞ்சிச்சு அக்கா. நானே போட்டுத் தாறேன்" என்றான். மறுநாள் அவன் வேலைக்குத் திரும்புமுன் நானும் அவனும் டவுனுக்குப் போனோம்.

ஹார்ட்வெயார் கடை முதலாளி சிங்களவர். ஐம்பது வயது இருக்கும். அவசரமில்லாமல் பேசுகிறவர். பெட்டியிலிருந்து நாலைந்து வகையை எடுத்து வைத்தார். தரையில் பதிக்கிற ஒன்று எனக்குப் பிடித்துப்போனது. எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தது போல, சுற்றி ஒரு கறுப்பு ரப்பர் வளையம். பளபளவென்று, பெரிய வீடுகளில் இருப்பது போல இருந்தது.

அவர் உடனே கட்டிக் கொடுக்கவில்லை. கதவுக்குப் பின்னால் சுவர் எவ்வளவு தூரம் என்று சிங்களத்தில் கேட்டார். பிறகு, தங்கையைக் கூப்பிடுவது போல, "நங்கி, வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்? நடக்கச் சிரமப்படுகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

"ஏழு வயசில் ஒரு பிள்ளை. வேற யாரும் இல்லை" என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன்.

தம்பி என் முகத்தைப் பார்த்தான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். சொன்னவுடன் வரும் பேச்சு எனக்கு மனப்பாடம். சிங்கள ஆட்கள் 'அனே பவ்' என்பார்கள். நம் ஆட்கள் 'ஐயோ பாவம்' என்பார்கள். எப்படி நடந்தது, எவ்வளவு காசு கொடுத்தார்கள், இனிமேல் பார்வை வராதா என்று பஸ் ஹோல்ட்டில் நிற்கிறவர்கள்கூடக் கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தேன். எந்தக் காரணம் சொன்னாலும், யாருக்காக அந்தச் சாமானை வாங்க வந்தேனோ அந்த மனிதரையே அந்தக் கடையில் நான் இல்லாதவராக்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி ட்ரில்லை எடுத்தான். கணவர் ஹோலில் கதிரையில் உட்கார்ந்திருந்தார். விபத்துக்கு முன்பு எங்கள் லயத்தில் யார் வீட்டுக் கூரை ஒழுகினாலும், பூட்டு இறுகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ட்ரில் சத்தம் கேட்டதும் முகம் அந்தப் பக்கம் திரும்பியது.

"எங்க போடுறீங்க? தரையிலயா, செவுத்துலயா?"

"நீங்க சும்மா இருங்க. நாங்க பாத்துக்குறோம்" என்றேன்.

"இல்ல, எந்த எடம்னு..."

"எல்லாம் சரியாப் போடுவான் மச்சான், யோசிக்காதீங்க" என்றான் தம்பி.

அவர் பிறகு கேட்கவில்லை. தம்பி பாத்ரூமைத் தவிர மற்ற நான்கு கதவுக்கும் நான்கு ஸ்டொப்பர் பதித்தான். காற்றில் கதவு ஆடாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் கொக்கியும் போட்டான். கதவெல்லாம் சொன்னபடி நின்றது. எனக்குப் பெரிய நிம்மதி. எந்த ஸ்டொப்பர் எங்கே இருக்கிறது என்று அவர் கையைப் பிடித்து ஒரு தடவை காட்டியிருக்கலாம். அதைக்கூட நான் செய்யவில்லை. கதவு திறந்திருந்தால் அதற்குப் பின்னால்தானே இருக்கும், அவர் கால் ஏன் அங்கே போகப்போகிறது என்று நினைத்தேன்.

கதவு மூடியிருக்கும்போது அது தரையில் தனியாக நின்றுகொண்டிருக்கும் என்பது என் மூளைக்கு எட்டவில்லை.

அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள். காலையில் மழை விடத் தாமதமானதால் பால் வெட்டு பிந்தித்தான் தொடங்கியது. நான் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வர ஒரு மணிக்கு மேலாகிவிட்டது. மகள் பள்ளிக்கூடத்தில். முன் கதவைத் திறந்ததும் தேயிலை வாசம் அடித்தது. அவர் குசினிக் கதவுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். இடது கை மடியில் ஒரு மாதிரி வளைந்து கிடந்தது. வலது கையில் துணி. தரையில் கொட்டியிருந்த தேத்தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நெஞ்சில் கை அகலத்துக்குச் சிவந்து போயிருந்தது.

காற்றுக்குக் குசினிக் கதவை மூடி வைத்துவிட்டு, தேத்தண்ணீர் போட்டிருக்கிறார். கண் போன பிறகு முதல்முறையாக. எனக்கு ஒரு கோப்பை, அவருக்கு ஒரு கோப்பை. நான் வரும் நேரம் என்று கணக்குப் பண்ணி, இரண்டு கையிலும் கோப்பையோடு, சுவர் ஓரமாகவே நடந்து வந்திருக்கிறார். அந்தப் பளபளப்பான கிண்ணம் காலைத் தட்டிவிட்டது.

"கதவு நல்லாத்தான் நிக்கிது. நான்தான் நிக்கல" என்றார்.

எனக்கு வந்தது பயம்தான். ஆனால் வாயில் வந்ததெல்லாம் கோபம். "உங்கள யாரு எந்திரிக்கச் சொன்னா? அடுப்புப் பக்கம் போகாதீங்கன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?" என்று கத்தினேன்.

அவர் துணியைக் கீழே வைத்தார். சத்தமே போடாமல் பேசினார்.

"எங்க போடுறீங்கன்னு கேட்டேன். நீங்க ரெண்டு பேரும் சொல்லல. கண்ணு போனப்பகூட எனக்கு அப்படித் தோணல புள்ள. அன்னைக்குத் தோணுச்சி, இந்த வீட்டுல நானும் ஒரு சாமான்னு. ஒரு மூலையில வச்சா இருக்கணும்."

கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அவர் என்னிடம் இப்படிப் பேசியதே இல்லை. நான் அப்படியே அவருக்குப் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அழக்கூட வரவில்லை. பிறகுதான் அவர் கை ஞாபகம் வந்து, பக்கத்து வீட்டு த்ரீவீலைக் கூப்பிட ஓடினேன்.

மணிக்கட்டில் எலும்பு உடைந்திருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. நல்ல வேளை, சூடு ஆழமாகப் படவில்லை. கண் இல்லாதவருக்குக் கைதான் கண் என்பார்களே, அதில் ஒன்றையும் நான் கட்டிப்போட்டுவிட்டேன். அந்த ஆறு வாரமும் அவர் வீட்டுக்குள் பாதி ஆளாகத்தான் நடந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே நான்கு ஸ்டொப்பரையும் நான் கழற்றி எறிந்துவிட்டேன். கதவுகளுக்குக் கொக்கி மட்டும் இருந்தது. அதுவும் காற்று பலமாக அடித்தால் கழன்றுவிடும்.

மாவுக்கட்டு வெட்டிய பிறகு ஒரு சனிக்கிழமை, "டவுனுக்குப் போவோமாங்க? ஸ்டொப்பர் நீங்களே பாத்து எடுங்க" என்று கேட்டேன். கேட்பதற்கு எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

கையால் தாடையைத் தடவிப் பார்த்தார். பிறகு, "அந்த வெள்ளச் சட்டைய எடு" என்றார். கண் போன பிறகு, ஆஸ்பத்திரியைத் தவிர அவர் தோட்டத்தை விட்டு வெளியே போவது அதுதான் முதல் தடவை.

என் தோளில் கையை வைத்துக்கொண்டு கடைக்குள் வந்தார். முதலாளி எங்களைப் பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. அவர் பார்வை என் கணவரின் முகத்துக்குப் போய், திரும்ப என்னிடம் வந்தது.

"நங்கி, அன்றைக்கு நான் கேட்டேனே. வேறு யாரும் இல்லை என்றாயே" என்றார் சிங்களத்தில். குத்திக்காட்டச் சொல்லவில்லை. வாய் தவறி வந்துவிட்டது. ஆனால் சொல்லிவிட்டார்.

என் கணவருக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் தெரியும். என் தோளில் இருந்த அவர் கை அசையாமல் நின்றதை உணர்ந்தேன். அந்த இடத்திலேயே தரை பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று இருந்தது.

"அன்றைக்கு நான் வீட்டில் இல்லை முதலாளி. ஆஸ்பத்திரியில் இருந்தேன். அதனால்தான் அப்படிச் சொல்லியிருப்பாள்" என்றார் என் கணவர், அதே சிங்களத்தில், சாதாரணமான குரலில்.

பொய் என்று முதலாளிக்கும் புரிந்திருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டு அதோடு விட்டுவிட்டார். என் கணவருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "உட்காருங்கள் மல்லி" என்று சொந்தத் தம்பியிடம் சொல்வது போலச் சொன்னார். பிறகு கடையில் இருந்த ஸ்டொப்பர் வகை ஒவ்வொன்றையும் கொண்டுவந்து கண்ணாடி மேசையில் வைத்தார். உறையில் அடைத்து ஒட்டியிருந்தவற்றை அவரே பிரித்தார். பிரித்தால் விற்க முடியாதே என்று நான் சொன்னதற்கு, "கையில் பிடிக்காமல் அவர் எப்படிப் பார்ப்பது?" என்றார். 'அனே பவ்' என்று ஒரு தடவைகூட அவர் வாயில் வரவில்லை.

என் கணவர் ஒவ்வொன்றாகத் தடவினார். கதவுக்கு அடியில் செருகும் ரப்பர் ஆப்பு. வேண்டாம், பிள்ளை எங்காவது போட்டுவிடுவாள். ஸ்பிரிங் வைத்தது. வேண்டாம், கதவு மோதித் திரும்பி வரும். கதவிலேயே மாட்டி, காலால் தட்டிவிடும் கம்பி. அதையும் வேண்டாம் என்றார். கடைசியாக சுவரில் பொருத்துகிற ஒன்று வந்தது. குட்டையான கட்டை போல இருந்தது. நுனியில் காந்தம். கதவில் பொருத்த ஒரு சின்ன இரும்புத் தகடு தனியாக இருந்தது. தகட்டைக் காந்தத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். 'டக்' என்று ஒட்டிக்கொண்டது. இழுத்தார், திரும்ப விட்டார். டக்.

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"சத்தம் கேக்குதா? எந்தக் கதவு முழுசாத் தொறந்திருக்குன்னு உக்காந்த எடத்துல இருந்தே எனக்குத் தெரியும்" என்றார் என்னிடம். அதையே முதலாளிக்குச் சிங்களத்தில் சொன்னார். முதலாளி அவர் கையிலிருந்து அதை வாங்கினார். தன் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மூன்று தடவை டக், டக் என்று ஒட்டிப் பார்த்தார். "இத்தனை வருடம் விற்கிறேன், இது எனக்குத் தெரியாதே" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் வாயைத் திறந்தேன். "அன்னைக்குக் கடையில நான்..." என்றதும் அவர் என் கையை லேசாகத் தட்டினார்.

"விடு. எனக்கும் அந்தப் பேச்சக் கேக்கப் பிடிக்காதுதான். ஆனா இனி சொல்லிரு. சொல்லாட்டி நான்தான விழுறேன்."

ஞாயிற்றுக்கிழமை வேலை தொடங்கினோம். பக்கத்து வீட்டு மேசனிடம் ட்ரில் வாங்கி வந்தேன். முதலில் குசினிக் கதவு. கதவை முழுதாகத் திறந்து, சுவரில் விரலால் அளந்தார். தரைக்கு மேல் நான்கு விரல் உயரத்தில், சுவரோடு ஒட்டி. அங்கே வைத்தால் சுவர் ஓரமாக நடந்தால் கால் தட்டாதா என்று கேட்டேன். "செவுத்த நான் கையால தடவிக்கிட்டுத்தான வர்றேன். இது எங்க இருக்குன்னு கைக்கும் தெரியும், காலுக்கும் தெரியும். தரையில இருந்ததுதான் எனக்குத் தெரியாது" என்றார். கீலுக்குப் பக்கத்தில் போட்டால் கண்ணில் படாமல் இருக்குமே என்றேன். அதற்கும் மறுத்துவிட்டார். அங்கே போட்டால் காற்று தள்ளும்போது பாரம் முழுக்கக் கீலில் விழும், ஆணி கழன்றுவிடும், பேக்டரிக் கதவில் அப்படித்தான் நடந்தது என்றார். கதவின் வெளி விளிம்பிலிருந்து ஒரு கை தள்ளி இடம் குறித்தார்.

ட்ரில்லை அவர் எடுத்தபோது எனக்குப் பயமாக இருந்தது. அவர் கைமேல் என் கையை வைத்தேன்.

"கைய எடு" என்றார்.

எடுத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலைகளில் அதுவும் ஒன்று. முதல் ஓட்டை கோணலாகப் போய்விட்டது. அதைச் சீமெந்து வைத்து அடைத்துவிட்டு, ஒரு விரல் தள்ளித் திரும்பப் போட்டார். "நேரா இருக்கா, பாத்துச் சொல்லு" என்றார். "கொஞ்சம் மேல தூக்குங்க. இப்ப சரி" என்றேன். பார்ப்பது மட்டும் என் வேலை. மற்றதெல்லாம் அவர்.

கதவில் தகட்டை எங்கே பொருத்துவது என்பதில்தான் நின்றுபோனோம். நான் பென்சிலால் குறித்த இடம் ஒரு விரல் தப்பிவிட்டது. அவர் கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்து யோசித்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு, "ரொட்டி மா கொஞ்சம் பெசஞ்சி எடுத்தா" என்றார். தகட்டைக் காந்தத்தில் ஒட்டவிட்டு, அதன் முதுகில் மாவை அப்பினார். கதவைத் தள்ளி அதன்மேல் அழுத்தினார். கதவைத் திரும்ப இழுத்தபோது, தகடு போக வேண்டிய இடத்தில் மாவு வட்டமாகப் பதிந்திருந்தது. விரலால் தடவிக் கண்டுபிடித்து, அதே இடத்தில் ஆணியை முறுக்கினார். நான் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன். கண் இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை.

நான்கு கதவும் முடிய மாலை நான்கு மணி ஆகிவிட்டது. மகள் ஒவ்வொரு கதவாகத் தள்ளிக்கொண்டு ஓடினாள். டக், டக் என்று கேட்டது. நான் அவளைக் கூப்பிட்டு, அன்றைக்கு அடித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் அதை மறந்திருந்தாள், அல்லது மறந்தது போல இருந்தாள்.

கண் திரும்பி வரவில்லை. வராது என்றும் சொல்லிவிட்டார்கள். இடது மணிக்கட்டில் மழை நாட்களில் இன்னும் வலிக்கிறது என்பார். என்னிடம் அதைச் சொல்லக்கூடாது என்று நினைப்பார் போல, மகளிடம்தான் சொல்வார். எங்கள் வரிசையில் இரண்டு வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுக் கதவுக்கும் அதே மாதிரிப் போட்டுத் தரச் சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாவது வீட்டில், கண் தெரியாத ஆளை நம்பி எப்படிச் சுவரைத் துளைப்பது என்று வேண்டாம் என்றார்கள். அதையும் அவர் சிரித்துக்கொண்டேதான் வந்து சொன்னார். ஆனால் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

போன மாதம் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தோம். அந்த வீட்டு அம்மா தேத்தண்ணீர்த் தட்டத்தோடு வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே என்னிடம், "இவருக்குச் சீனி போடலாமா?" என்று கேட்டார். "அவருகிட்டயே கேளுங்க" என்றேன். அந்த அம்மா கொஞ்சம் தடுமாறிவிட்டு அவர் பக்கம் திரும்பினார். அவர் "ரெண்டு கரண்டி" என்றார்.

அன்பு என்று நினைத்துக்கொண்டு நான் செய்த எத்தனையோ காரியங்களில் ஒரு கேள்வி குறைந்திருந்தது என்பது அவர் எலும்பு உடைந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதை நினைக்கும் ஒவ்வொரு தடவையும் இன்றைக்கும் அவர் முகத்தை நேராகப் பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆகிறது, அவர் என்னைப் பார்க்க மாட்டார் என்று தெரிந்தும்கூட.